அப்பிரதட்சிணமாகச் சுற்றிய சக்கரம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. வாசலோரம் இருப்பவர்களும் உள்ளே வாருங்கள். இது தள்ளி உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை. நடுவில் ஓர் இடத்தில் எனக்கே நெஞ்சு திக்கென்று ஆகும். அப்போது யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டி வரும். நல்லவர்கள் சிலர் கூடி, நல்ல நாள் பார்த்து, நல்ல மனசோடு செய்த ஒரு காரியம் ஒரு குழந்தையின் உயிர் வரைக்கும் போய் நின்றது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அறுபத்தாறில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அதற்கு மறு வருஷம். பம்பாய் மாட்டுங்காவில் அனந்தகிருஷ்ணன் என்று ஓர் எலக்ட்ரிகல் எஞ்சினியர் இருந்தார். எதையும் லேசில் நம்பாத மனிதர். ஊரெல்லாம் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும். அவர் பூசணிக்காயையும் தட்டிப் பார்ப்பார். “பூட்டை இழுத்துப் பார்த்துட்டு, சாவியையும் இழுத்துப் பார்க்கற பிராணி” என்று அவர் மனைவி ருக்கு சொல்வாள். அப்படிப்பட்டவரைத் தேடித்தான் பாகீரதி மாமி வந்தார்.

மாமியின் கணவர் முன்பொரு நாள் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது கரண்ட் போயிற்று. அது திரும்பி வந்தபோது அவர் இல்லை. அந்தத் துக்கத்தில் மாமி ஒரு தீர்மானத்துக்கு வந்தார். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஓர் ஆபரேஷன் தியேட்டர் கட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“அனந்து, அந்த ரூம்ல விளக்கு அணையப்படாது. அணைஞ்சு உடனே வரும்னு சொல்லாதே. அணையவே படாது.”

விளக்கு மட்டும் என்றால் சின்ன வேலை. அந்தத் தியேட்டருக்கு ஓர் அதிசய மெஷின் வரவிருந்தது. இருதயத்தைத் திறந்து தைக்கிற நேரத்தில் இருதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் பம்ப். அது மூணு பேஸ் கரண்டில் ஓடுவது. மூணு பேஸ் என்றால் மிரளாதீர்கள். ஓர் உரலில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதுபோல மூன்று வயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரண்ட் வரும். அந்த முறை தப்பாத வரைக்கும் மோட்டார் ஒரே பக்கமாக ஓடும். இரண்டு பேர் இடம் மாறிக்கொண்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும். இதை மட்டும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் கண் இமைக்கிற நேரம்கூட நிற்காமலிருக்க என்ன செய்வது என்று அனந்தகிருஷ்ணன் யோசித்தார். முதலில் பாட்டரிகளை நினைத்தார். ஆனால் அவற்றுக்குக் கரண்ட் ஏற்றும் தகடுகள் சீமையிலிருந்து வரவேண்டும்; லைசென்ஸ் கிடைக்காது. கிடைத்தாலும் அந்தத் தகடு கருகினால் அழுகின முட்டை வாடை அடிக்கும். மயக்கம் கொடுத்த நோயாளிக்குப் பக்கத்தில் அது ஆகுமா? ஆகாது. ஆக, ஒரு கனத்த சக்கரம்தான் வழி. தெருக் கரண்டில் ஒரு மோட்டார் ஓடும். அதே அச்சில் சக்கரம். அதே அச்சில் ஒரு ஜெனரேட்டர். தியேட்டருக்குக் கரண்ட் கொடுப்பது அதுதான். தெருக் கரண்ட் போனால், சக்கரம் தன் கனத்தாலேயே சற்று நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் கிளட்ச் என்கிற பிடிப்பு, பக்கத்தில் இருக்கும் டீசல் எஞ்சினைக் கவ்வும். சக்கரத்தின் வேகமே எஞ்சினை உலுக்கி எழுப்பிவிடும். உள்ளே இருக்கிற டாக்டருக்கு எதுவுமே தெரியாது.

சாமான் பொறுக்க அவருக்குத் துணையாக வந்தவர் பூலோகம். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், தாராவியில் மோட்டாருக்குக் கம்பி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து ஜெனரேட்டரை எடுத்து வந்ததும் அவர்தான்.

“நல்ல மெசின்தான் சார். நடுவுல இண்டர்வெல் விட்டுராம இருக்கணும்” என்றார்.

“நீங்க வாயை வச்சுண்டு சும்மா இருங்கோ” என்றார் அனந்தகிருஷ்ணன். ஆனாலும் அந்த ஜெனரேட்டரைச் சுமை ஏற்றி ஓடவிட்டு, சூடு தாங்குகிறதா என்று பகல் பூராவும் பக்கத்திலேயே உட்கார்ந்து கையை வைத்து வைத்துப் பார்த்தார். மோட்டாரைத் தேவைக்கு ஒரு படி பெரியதாக எடுத்தார். பேரிங்குகளை வேட்டி நுனியில் துடைத்து, காதோரம் சுழற்றிக் கேட்டார்.

மிச்சம் இருந்தது சக்கரம். அதற்கு மாஹிம் பக்கம் தாராவி ஓரத்தில் பழைய இரும்பு கோடவுன் வைத்திருந்த அப்துல் ரவூப்பிடம் போனார்கள். ரவூப்புக்கு மேலப்பாளையம். கோடவுனில் சக்கரங்கள் இரண்டு கிடந்தன. ஒன்று அழகானது, ஆரம் வைத்தது. மற்றது பழைய மில் ஒன்றிலிருந்து வந்தது, குண்டு, கறுப்பு, விளிம்பில் ஓர் அம்புக்குறி வார்த்திருந்தது.

“சின்னதை எடுத்துக்கிடுவோம் சார்” என்றார் பூலோகம். “இந்தக் குண்டனைக் கொண்டு வச்சா ஆஸ்பத்திரித் தரை பாதாளத்துக்குப் போயிரும்.”

அனந்தகிருஷ்ணன் சுத்தியலால் இரண்டையும் தட்டினார். அழகானது கரகரத்தது, உள்ளே எங்கோ விரிசல். கறுப்பன் கோயில் மணி போல நீண்டு நின்று ஒலித்தான்.

அந்த ஒலியைக் கேட்டு, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு சிறு பெண் கை தட்டினாள். தட்டிய இரண்டு தட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. ரவூப்பின் மகள் மெஹராஜ். இருதயத்தில் ஓட்டை.

“அந்தப் புதுத் தியேட்டர்ல மொத ஆப்ரேசன் எம்புள்ளைக்குத்தான் சார்” என்றார் ரவூப். “பெரிய டாக்டர் வாக்குக் குடுத்திருக்காவ. எந்தச் சக்கரம் ஒசத்தியோ அதை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்கிட்ட வெலை கேக்காதிய.”

அனந்தகிருஷ்ணன் குண்டுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் ஒவ்வொரு போல்ட்டையும் அந்த நீல உதட்டை நினைத்துக்கொண்டுதான் முறுக்கினார்.

எல்லாம் பூட்டி முடித்துச் சோதனை நடந்தது. ரவூப்பும் வந்து பார்த்தார். பூலோகம் தெருக் கரண்டின் சுவிட்சைப் படாரென்று கீழே தள்ளினார். ஆஸ்பத்திரி முழுக்க இருட்டடித்தது. தியேட்டர் விளக்கு மட்டும் அசையவில்லை. கிளட்ச் கவ்வியது, எஞ்சின் எழுந்தது. பம்ப் சிவப்புச் சாயத் தண்ணீரை ஒரு குழாயில் வாங்கி மறு குழாயில் ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருந்தது. பெரிய டாக்டர் மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். அவரே அனந்தகிருஷ்ணனின் தோளில் தட்டினார். விஜயதசமி காலையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. ஆரம்பிக்கிற காரியத்துக்கு அதைவிட நல்ல நாள் ஏது?

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைப்பழம், சந்தனக் கிண்ணம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாமி மெஷின் அறைக்குள் வந்தார். சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்தவர், தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஏண்டா அனந்து, இது அப்பிரதட்சிணமா சுத்தறதே!”

“மெஷின் மாமி. அது எப்படிச் சுத்தினா என்ன?”

“எப்படிச் சுத்தினா என்னவா? கோயில்ல இடமாச் சுத்துவியோ? நாளைக்கு முதமுதல்ல ஒரு குழந்தையைப் படுக்க வைக்கப் போறா. அவர் போன மாதிரி…” மாமி தட்டைக் கீழே வைத்தார். “நான் ஒண்ணும் கேக்கலே. ஆரம்பிக்கற அந்த முகூர்த்தத்துக்கு மட்டும் வலமாச் சுத்தட்டுமே.”

பூலோகம் மெல்ல, “எனக்கும் மொத நாள்லேந்தே உறுத்தத்தான் செஞ்சிது சார். நீங்க வைவியன்னு சொல்லல” என்றார்.

அனந்தகிருஷ்ணன் சிரித்தார். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மனசுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? “மூணு வயர்ல எந்த ரெண்டை இடம் மாத்தினாலும் திரும்பிண்டு சுத்தும், மாமி. ஒரு நிமிஷ வேலை. முகூர்த்தம் ஆனதும் பழையபடி மாத்திடறேன்.”

எஞ்சின் ஒரு பக்கம்தான் சுற்றும் என்பது அவருக்குத் தெரியும். சக்கரம் எதிர்ப்பக்கம் ஓடும்போது கிளட்ச் கவ்வினால் எஞ்சின் நொறுங்கிவிடும். அதனால் கிளட்ச் பிடிக்காதபடி அதன் நெம்புகோலை விலக்கி, கயிற்றால் கட்டி வைத்தார். பார்த்தீர்களா, எவ்வளவு ஜாக்கிரதை! சக்கரம் நின்றபின், பூலோகம் மோட்டாருக்கு வரும் வயர்களில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினார். சக்கரத்துக்குச் சந்தனம் அப்பினார்கள், மாலை போட்டார்கள். திருப்புளி, சுத்தியல், ஸ்பானர் எல்லாம் வாழை இலையில் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை புனர்பூஜை ஆகும் வரை யாரும் தொடமாட்டோம் இல்லையா? இவர்களும் தொடவில்லை. அதனால் மாற்றிய வயரோடு மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிற அந்த மனிதருக்கும் தோன்றவில்லை.

விஜயதசமி காலை. மாமி கற்பூரம் காட்டினார். ரவூப் கைகட்டி ஓரமாக நின்றார். பூலோகம் சுவிட்சைப் போட்டார். சக்கரம் சோம்பல் முறித்து, மெதுவாக, வலமாகச் சுற்றத் தொடங்கிற்று. மாமியின் கண்ணில் தண்ணீர்.

கற்பூரம் அணைவதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள். மெஹராஜுக்கு மூச்சுத் திணறல் கூடிவிட்டது. டாக்டர் இனி காத்திருக்க மாட்டாராம், உடனே தியேட்டருக்குக் கரண்ட் வேண்டுமாம். சக்கரத்தை நிறுத்தி வயரை மாற்ற நேரம் இல்லை. அவ்வளவு கனமான சக்கரம் ஓய்ந்து நிற்பதற்கே வெகு நேரம் ஆகும். அனந்தகிருஷ்ணன் ஒரு கணம் தயங்கினார். எஞ்சின் துணை இருக்காது. தெருக் கரண்ட் போகாமல் இருந்தால் போதும்; போன மாதம் பூராவும் அது ஒரே ஒரு முறைதான் போயிற்று. சரி என்று தியேட்டர் சுவிட்சைப் போட்டார்.

தியேட்டர் வாசலில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மனசுக்குள் அந்த ஒரு கவலைதான். அது பெரியதாக இருந்ததால், அதன் பின்னால் வேறொன்று ஒளிந்திருப்பதை அவர் பார்க்கவில்லை.

அப்போது ஆயா சொர்ணம்மாள் வாளியை ணங்கென்று வைத்துவிட்டு வந்தாள். கோவண்டியில் இருப்பவள், பேச்சுக்கு நாக்கு நீளம்.

“என்ன கூத்து சாரு இது? பின்கட்டுல மாமி பூசைக்குச் சுண்டல் தாளிச்சா, அந்த வாசம் பூரா ஆப்ரேசன் ரூம்புக்குள்ளல்லா வருது! டாக்டரு மூக்கைச் சுருக்குதாரு. நர்சம்மா என்னைப் புடிச்சு ஏசுதா, என்னமோ நாந்தான் உள்ள ஒக்காந்து கடுகு வெடிக்க விட்ட மாதிரி!”

பூலோகம் சிரித்தார். அனந்தகிருஷ்ணனும் சிரித்தார். “அங்கே காத்தை வெளியே தள்ற ஃபேன் இருக்கே, சொர்ணம்? அது ஓடலையா?”

“ஓடாம என்ன, நல்லாத்தான் ஓடுது. நேத்து வரைக்கும் வெளிய தள்ளிச்சு. இன்னைக்கு உள்ள ஊதுது. சன்னல் துணியெல்லாம் உள்பக்கமா பறக்கு.”

சிரிப்பு அவர் முகத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

ஃபேன் திரும்பிச் சுற்றுகிறது. அதுவும் மூணு பேஸ்தான். வயரை மாற்றியது உள்ளே வருகிற பக்கம்தானே, வெளியே போகிற பக்கம் அப்படியே இருக்கிறது என்று மனசு சொல்லிவிட்டிருந்தது. ஆனால் அச்சு ஒன்றுதான். சக்கரம் திரும்பினால் ஜெனரேட்டரும் திரும்பும். உலக்கைகளின் முறை மாறும். அதிலிருந்து கரண்ட் வாங்குகிற எல்லா மோட்டாரும் திரும்பும். ஃபேன் மட்டுமா?

பம்ப்.

என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உடம்புக்கு ரத்தம் அனுப்ப வேண்டிய குழாய், உடம்பிலிருந்து ரத்தத்தை உறிஞ்சும். வாங்க வேண்டிய குழாய் திருப்பித் தள்ளும். அந்தச் சிறு பெண்ணுக்கு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. நேற்று முன்தினம் சோதித்தாயிற்று என்று இன்று யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். பம்ப்பைக் கையால் சுழற்றித்தான் குழாய்களில் காற்று இல்லாமல் நிரப்புவார்கள். சுவிட்சைப் போடுவது, குழாய் இருதயத்தில் சேர்ந்த பிறகுதான்.

அனந்தகிருஷ்ணன் எழுந்ததையே பூலோகம் பார்க்கவில்லை. பெஞ்சு கவிழ்ந்த சத்தம்தான் கேட்டது. எஞ்சினியர் தியேட்டர் கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, வீதிச் செருப்போடு உள்ளே போய்விட்டார். நர்ஸ் வீறிட்டாள்.

“பம்ப்பைப் போடாதீங்கோ! சுவிட்சைத் தொடாதீங்கோ! உல்ட்டா… பம்ப் உல்ட்டா ஓடறது!”

பச்சைத் துணிகளுக்கு நடுவே திறந்த நெஞ்சு ஒன்று. அதை அவர் பார்த்துவிட்டார். ஆயுசுக்கும் மறக்காதபடி பார்த்துவிட்டார். ஒரு குழாய் சேர்ந்திருந்தது. மறு குழாயின் நுனி டாக்டரின் கையில் இருந்தது. பம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவரின் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

“ருக்கோ” என்றார் டாக்டர், நிறுத்து என்று. அவ்வளவுதான். சேர்ந்த குழாயை இடுக்கியால் இறுக்கினார். கையிலிருந்த நுனியை ஒரு கிண்ணத்து நீரில் வைத்தார். இறுக்கிய குழாயை இடுக்கிக்கு இப்பால், பம்ப் பக்கமாகக் கழற்றித் தொங்கவிட்டார். பிறகு கண்ணால் காட்டினார். அந்த ஆள் சுவிட்சைத் தொட்டு எடுத்தார்.

நீரைக் கக்க வேண்டிய குழாய், கிண்ணத்து நீரைச் சர்ரென்று உறிஞ்சியது. கிண்ணம் காலி. பிறகு காற்றை உறிஞ்சியது.

டாக்டரின் முகத்தில் துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் அனந்தகிருஷ்ணனைக் கேட்டது ஒரே கேள்விதான்: சரி செய்ய முடியுமா?

பம்ப்புக்குப் போகிற வயருக்கு வெளிச்சுவரில் தனியாக ஒரு சுவிட்சுப் பெட்டி இருந்தது. அங்கே இரண்டு வயரை மாற்றினால் போதும். சக்கரத்தை நிறுத்த வேண்டாம். பூலோகம் அதற்குள் வாழை இலையிலிருந்து திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். கைப்பிடியில் இன்னும் சந்தனம் ஈரமாக இருந்தது, வழுக்கியது. வேட்டியில் துடைத்தார், மறுபடியும் வழுக்கியது.

“எந்த ரெண்டு சார்? எந்த ரெண்டு?”

“ஏதாவது ரெண்டுய்யா! சீக்கிரம்!”

மாற்றினார்கள். உள்ளே மறுபடியும் கிண்ணத்தில் நீர் வைத்தார்கள். மறுபடியும் சுவிட்ச். இந்த முறை குழாய் நீரைக் கக்கிற்று. டாக்டர் சுவரைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். “பாத் மே” என்றார், அப்புறம் பேசலாம் என்று. பிறகு அவர்கள் வாசலில் நிற்பதையே மறந்துபோனார். ஒவ்வொரு குழாயையும் மறுபடி நிரப்பி, காற்று நீக்கி, வேலையைத் தொடர்ந்தார்கள்.

அனந்தகிருஷ்ணன் தியேட்டர் கதவை மூடினார். கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். தாழ்வாரத்துக் கோடியில் ரவூப் தொழுகைக் குல்லாவோடு நின்றிருந்தார். கூச்சல் கேட்டிருக்கிறது, என்னவென்று புரியவில்லை. நேரே வந்து, அனந்தகிருஷ்ணனின் கையைத் தன் இரு கைக்குள் எடுத்துக்கொண்டார்.

“என்னமோ கோளாறாம், நீங்க ஓடிப்போய் சரி பண்ணிட்டியளாம், சொர்ணம் சொன்னா. ஒங்க கொலம் நல்லா இருக்கும் சார்.”

பூலோகம் எஞ்சினியரின் தோளைத் தொட்டு அப்பால் அழைத்தார். “சார், ஒங்களைக் கும்பிடுதேன். அந்த மனுசன்ட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாதிய. உள்ள புள்ளை கெடக்கு.”

“இப்போ சொல்லலேன்னா அப்புறம் சொல்லவே மாட்டேன், பூலோகம். என்னை எனக்குத் தெரியும்.”

சொன்னார். மாமி கேட்டது, தான் சிரித்தது, வயரை மாற்றியது, ஃபேன், பம்ப், கிண்ணம் காலியானது. ஒன்றையும் மெழுகவில்லை.

ரவூப் கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்பம்… எம்புள்ளை ஒடம்புலேர்ந்து உறிஞ்சியிருக்கும்?”

“ஆமாம்.”

“சுண்டல் தாளிக்காட்டி?”

அனந்தகிருஷ்ணன் தலையை ஆட்டினார்.

ரவூப் கையை ஓங்கினார். அடி விழும் என்று பூலோகம் குறுக்கே வந்தார். ஆனால் அந்தக் கை வந்து விழுந்தது ரவூப்பின் தலைமேலேயே. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

“நான் பாத்தேன் சார்” என்றார். “காலையில நான் பாத்தேன்.”

“என்ன பாத்தீங்க?”

“அந்தச் சக்கரம் எங்க கோடவுன்ல எத்தனை வருசம் கெடந்துது! அதுல அம்பு எந்தப் பக்கம்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். சோதனை அன்னைக்கு அம்புப் பக்கந்தான் ஓடிச்சு. இன்னைக்கு அம்புக்கு எதுக்க ஓடிச்சு. என்னடா இதுன்னு நெனைச்சேன். வாயி வரைக்கும் வந்துது சார். கற்பூரம் காட்டுதாவ… வேத்துச் சாதிக்காரன், நான் குறுக்க ஒண்ணு சொல்லி, அது அபசகுனமாப் போயி… பூசை நேரத்துல மரியாதையா இருக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். எம்புள்ளைக்காவத்தான் மூடிக்கிட்டேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கெட்டதை நினைக்கவில்லை. மாமி குழந்தைக்காகக் கேட்டார். எஞ்சினியர் மாமிக்காகச் செய்தார். பூலோகம் இருவருக்காகவும் மாற்றினார். ரவூப் எல்லோருக்கும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். அன்பும் மரியாதையும் கைகோத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் கொல்ல வந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்துக் காத்தாடி இளைத்தது. விளக்கு மங்கிச் சிவந்தது. தெருக் கரண்ட்!

“ஐயோ, எஞ்சின் கெடையாதே” என்று பூலோகம் அலற, இருவரும் மெஷின் அறைக்கு ஓடினார்கள். அங்கே மோட்டாருக்கு மூச்சு நின்றிருந்தது. கறுத்த சக்கரம் மட்டும், யாரும் தள்ளாமல், தன் கனத்தாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ரீங்காரம் இம்மி இம்மியாகத் தணிந்தது. இன்னும் கொஞ்சம் தணிந்தால் உள்ளே பம்ப் தடுமாறும். அனந்தகிருஷ்ணன் சக்கரத்தின் காவல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஓடு, ஓடு, என் ராஜா, ஓடு” என்றார். அவர் அப்படியெல்லாம் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. சின்னச் சக்கரமாக இருந்திருந்தால் அப்போதே ஓய்ந்திருக்கும். குண்டன் ஓயவில்லை.

மோட்டார் ஹும் என்றது. கரண்ட் வந்துவிட்டது. ரீங்காரம் ஏறியது.

பூலோகம் அழுதார். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

பகல் சாய்ந்தபின் பெரிய டாக்டர் வெளியே வந்தார். ரவூப் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர்தான் குனிந்து, இந்தியில் மெதுவாகச் சொன்னார்: பம்ப்பை நிறுத்தியாயிற்று, அவளுடைய இருதயம் தானாக அடிக்கிறது, உதடு சிவந்திருக்கிறது. “உதடு சிவந்திருக்கு, உதடு சிவந்திருக்கு” என்று ரவூப் அதையே திருப்பித் திருப்பித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் அனந்தகிருஷ்ணனைப் பார்த்தார். திட்டவில்லை. “நாளை முதல், மெஷினில் யார் எதைத் தொட்டாலும், தொட்ட உடனே பம்ப்பைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சாமியே வந்து தொட்டாலும்” என்றார். அது அந்த ஆஸ்பத்திரியில் சட்டமாயிற்று.

மாலையில் சக்கரத்தை நிறுத்தினார்கள். எல்லா வயரையும் பழைய இடத்துக்கே மாற்றினார்கள், பம்ப்பினுடையதையும். கிளட்சின் கயிற்றை அவிழ்த்தார்கள். பம்ப் தண்ணீரில் ஓடிக் காட்டியது. ஃபேன் காற்றை வெளியே தள்ளியது. அனந்தகிருஷ்ணன் ஒரு தடவைக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தார்.

விளக்கேற்ற வந்த மாமியிடமும் நடந்ததைச் சொன்னார். மாமியின் கையிலிருந்த குத்துவிளக்கு சாய்ந்து, எண்ணெய் புடவையில் சிந்தியது.

“நானாடா? என் வாயாலேயா?”

மாமி சக்கரத்தைப் பார்த்தார். அது பழையபடி அப்பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, விளக்கைத் தூக்கிக்கொண்டு, மோட்டாரைச் சுற்றி, சக்கரத்தின் அந்தப் பக்கம் போனார். அங்கே விளக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் திகைத்து நின்றார்.

“அனந்து, இங்கே வா.”

அனந்தகிருஷ்ணன் போய் மாமிக்குப் பக்கத்தில் நின்றார். பார்த்தார். அங்கிருந்து பார்க்க, அதே சக்கரம், அதே ஓட்டம், அழகாக வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வயரையும் தொட்டிருக்க வேண்டாம். பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்திருந்தால் போதும். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற அந்த மனிதர், இந்தப் பக்கம் வந்து நிற்கவே இல்லை. அன்றைக்கு அவர் பட்ட அதிர்ச்சிகளில் இதுதான் கடைசி. ஆயுசு பூராவும் ஆறாததும் இதுதான்.

ரவூப் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமி அவரைக் கூப்பிட்டார். “நீங்களும் வாங்கோ. இங்கே வந்து நின்னு, உங்களுக்கு ஏதாவது கோணலாப் பட்டா இப்பவே சொல்லுங்கோ. கற்பூரம் எரியறதேன்னு பாக்காதீங்கோ.”

போதும், கண்ணுகளா, கையை விடுகிறேன். வலித்ததோ? உங்கள் வீடுகளில் அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். பிள்ளைகள் ஓடி விளையாடி, வியர்த்து, சிவந்த உதட்டோடு வந்து சோறு கேட்கட்டும். வீட்டுக்கு வருகிறவர் வேற்று ஆளானாலும், உங்கள் நன்மைக்கு ஒன்றைச் சொல்லத் தயங்காதபடி உங்கள் வாசல் என்றைக்கும் அகலமாக இருக்கட்டும். நூறு வருஷம் நன்றாக இருங்கள்.